போர்வைக்குள் டேப் மெஷின்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று முதலாளி தனசேகர் சார் அதற்கு மாலை போட்டார். நான் அங்கே ஆறு வருடமாக ரெக்கார்டிங் எஞ்சினியர். எனக்கு ஒரு முழம் பூ கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எட்டு மைக்கை எட்டுத் தனித்தனி டிராக்கில் பதியும் பழைய டேப் மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று சார் சொன்னதும் லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன். எட்டு இன்புட் உள்ள சவுண்ட் கார்டு, வேகமான ஹார்ட் டிஸ்க், சத்தம் போடாத ஃபேன். மானிட்டர் எதுவானாலும் சரி.

வந்ததோ பதினேழு அங்குல மானிட்டர், ஆள் உயரத்துக்குக் கேபினட், கேம் ஆட ஒரு ஜாய்ஸ்டிக். சவுண்ட் கார்டு கடைக்காரர் சும்மா சேர்த்துக் கொடுத்தது. அதில் இரண்டே இன்புட்.

"சார், நம்மகிட்ட எட்டு மைக் இருக்கு. இதுல ரெண்டுதான் போகும்."

"உள்ள இன்னா கீதுன்னு எவன்மா தொறந்து பாக்கப் போறான்? வெளிய பாரு, எப்டி கீது." சார் இரும்புலியூரில் நிலத்தைப் பிளாட் போட்டு விற்றவர். முகப்புதான் முக்கியம் என்பது அவர் அனுபவம். "ஒனக்குக் கம்ப்யூட்டர் வேலை வராதுன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

"வரும் சார்" என்றேன். வீட்டில் சம்பளம் வாங்குபவள் நான் ஒருத்திதான்.

அந்த டிசம்பருக்கு முன்னால் அனகாபுத்தூர் சர்ச் பாடகர் குழு கிறிஸ்துமஸ் கேசட் போட வந்தது. வாசலில் 'கம்ப்யூட்டர் ரெக்கார்டிங்' என்ற போர்டைப் பார்த்துதான் வந்ததாகக் குழுத் தலைவர் ஜான்சன் அண்ணன் சொன்னார். நான் டேப் மெஷினை மேஜைக்கு அடியில் தள்ளி, போர்வை போர்த்தி, எட்டு மைக்கையும் அதில் சொருகினேன். மானிட்டரில் பாட்டுக்கு ஏற்றபடி பச்சைக் கோடுகள் குதிக்கிற மாதிரி ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு சத்தம்கூடப் பதிவாகவில்லை. எல்லாரும் கோடுகளைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள்.

பிறகு டேப்பிலிருந்து நிதானமாக மிக்ஸ் செய்தேன். கேசட் அருமையாக வந்தது.

"கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான் சார்" என்றார் ஜான்சன் அண்ணன். சார் என்னைப் பார்த்து, நான் அப்பவே சொல்லலையா என்பதுபோல் சிரித்தார். எல்லாம் டேப்தான் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வருடம் முழுக்க வந்த அத்தனை பேருக்கும் அதே போர்வை, அதே பச்சைக் கோடுகள்.

மறு வருடம் அதே குழு வந்தது. இந்த முறை ஜான்சன் அண்ணன் மகள் மேரிக்குத் தனிப்பாட்டு. அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி செய்திருந்தாள். மைக்கைச் சொருகக் குனிந்தேன். மேஜைக்கு அடியில் போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

"டேப் மெஷின் எங்க சார்?"

"பள்ளிக்கரணைல கச்சேரி பார்ட்டி ஒண்ணு கேட்டாங்க, குடுத்துட்டேன். சும்மா மூடித்தான கெடந்துச்சு? அங்க பாரு."

மூலையில் மாலையோடு இன்னொரு கம்ப்யூட்டர். அதே ரகம், இன்னொரு ஜாய்ஸ்டிக்.

எட்டு மைக்கையும் மிக்ஸரிலேயே கலந்து இரண்டு இன்புட்டில் திணித்தேன். கலந்ததைப் பிறகு பிரிக்க வழியில்லை. போட்டுக் கேட்டபோது மேரியின் குரல் தபேலாவுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. ஃபேன் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னா சிஸ்டர், போன வாட்டி ஒரு கம்ப்யூட்டர்ல அவ்ளோ நல்லா வந்துச்சு. இப்ப ரெண்டு கீது" என்றார் ஜான்சன் அண்ணன்.

சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"போன வாட்டி டேப்புல பண்ணேண்ணா. இந்த வாட்டிதான் கம்ப்யூட்டர்."

வேலை அன்றோடு போயிற்று. சார்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. தப்பான மெஷினை வாங்கியவர் அவர். அதைச் சரியான மெஷின் என்று ஒரு வருடம் நிரூபித்துக் காட்டியவள் நான்.