டிரைவர் குருநாதனின் விரதம்

பி.ஏ. தேறிய கையோடு, வாத்தியார் வேலைக்காகக் கொடைக்கானல் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் அந்தப் படிப்பு எனக்குத்தான் முதல். சட்டைக் காலர் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தது. முன் சீட்டில் இடம் கிடைத்ததால், டிரைவர் குருநாதனின் கதையை அவர் வாயாலேயே பெருமாள்மலை வரைக்கும் கேட்டேன்.

1961இல் குருநாதனுக்கு நாற்பத்தாறு வயது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸைப் பத்து வருஷமாக ஓட்டிவந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் அவர் வயிற்றில் உரசும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் திருப்புவார். கம்பெனி மேனேஜர் ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

"குருநாதா, மூணு மாசம் தாரேன். வயித்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல என் கை நுழையணும். இல்லாட்டி பெரியகுளம் பஸ்ஸுக்குப் போயிரு. அங்க ரோடு நேராக் கெடக்கு."

மலை ரோட்டை விட்டு வேறு ரோட்டில் ஓட்டுவதைக் குருநாதனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பழனி முருகன்மேல் பாரத்தைப் போட்டு விரதத்தில் இறங்கினார். கார்த்திகை, சஷ்டி, செவ்வாய், வெள்ளி, எதையும் விடவில்லை. ஒரு மாதம் ஆனதும் பார்த்தால், அரைஞாண் கயிறு முன்னைவிட இறுகிக் கிடந்தது!

"சாமி கண்ணத் தொறக்கலையே, பாப்பம்மா" என்று மனைவியிடம் அழாக்குறையாகச் சொன்னார். அவளுக்கும் விளங்கவில்லை. இருவரும் கொடைக்கானலில் டாக்டரம்மா சிவபாக்கியத்திடம் போனார்கள்.

"விரதத்தன்னைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"சோத்தத் தொடுறதே இல்லீங்கம்மா. காலையில பத்து இட்லி. மத்தியானம் ஆறு அடை, வெல்லம், நெய்யி. ராத்திரி பாலும் பழமும்தான்."

"எத்தனை பழம்?"

"அரைச் சீப்புங்க. மலைப்பழம், சின்னதுதான்."

டாக்டரம்மா சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விரதம் இல்லாத நாள்லதாங்க நீங்க கொறைச்சலாச் சாப்பிடுறீங்க! சோத்த விட்டாப் போதுமா? அளவக் கொறைக்கணும்ல?"

சிறுநீரைச் சோதித்துவிட்டு, அதில் சர்க்கரை லேசாகத் தலைகாட்டுகிறது என்றும் சொன்னார். வாரத்தில் ஒருநாள் மோரும் ஒரு வேளைக் கஞ்சியும் மட்டும். மற்ற நாள்களில் வழக்கமாகத் தின்பதில் பாதி. அதுதான் வைத்தியம்.

வீட்டில் பாப்பம்மாள் கறாராக இருந்தாள். சிக்கல் ரோட்டில்தான். பஸ் நிற்கிற கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு வாங்காமல் வடையும் டீயும் வைப்பது அந்த மலைவழி வழக்கம். குருநாதன் தட்டைத் தள்ளியதும் கடைக்காரி காளியாயிக்கு முகம் கறுத்தது.

"ஏண்ணே, எதிர்த்த கடையில நிப்பாட்டப் போறீங்களா?"

"இல்ல தாயி, வயிறு கொறையணும்."

"அப்ப நாலு வடையத் தின்னுட்டு நாலு எட்டு நடங்க!"

கண்டக்டர் ஞானவேல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அண்ணன் பட்டினி கெடக்கட்டும்க்கா. அவரு பங்கு என் பொறுப்பு."

பஸ் தினமும் அங்கேயே நின்றதைப் பார்த்த பிறகு காளியாயி சமாதானமாகி மோர் கலக்கிக் கொடுத்தாள்.

முதல் பத்து நாள் தலை வலித்தது, தொட்டதற்கெல்லாம் கோபம். வடை வாசனை வந்தால் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார். அப்புறம் உடம்பு பழகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வளைவுகளில் கண்ணைச் சுழற்றும் தூக்கம் வரவில்லை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. காக்கிப் பேண்ட் நழுவி, சணல் கயிறு கட்ட வேண்டியதாயிற்று.

கெடு முடிந்த அன்று ஷெட்டில் மேனேஜர் கையை நீட்டினார். கை நுழைந்தது. டிக்கெட் புத்தகத்தைச் சேர்த்துப் பிடித்தார், அதுவும் நுழைந்தது.

"மூச்சப் பிடிச்சிருக்கியாடா?"

குருநாதன் வாய் நிறைய முருகன் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ஷெட்டே விசிலடித்தது.

இப்போதும் வத்தலக்குண்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும் கொடைக்கானல் பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார்.