சிம்பானான் ஆட்டக்காரன்

பெம்பானில் நான் துணி துவைக்கும் டோபிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் டீக்கடை இருக்கிறது. என் தம்பியை ஏன் கூடைப்பந்து ஆட்டத்தில் இறக்குவதில்லை என்று திங்கட்கிழமை காலையில் அங்கேதான் பேசுவார்கள். பேசுகிற ஒருவரும் வாழ்நாளில் அந்தப் பந்தைத் தொட்டதில்லை.

தம்பி மலாக்கா டவுனில் ஒரு கிளப் டீமில் இருந்தான். ஞாயிறு தோறும் தெங்கேரா பக்கம் கூரை போட்ட கோர்ட்டில் ஆட்டம். ஜெர்சியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவான். அந்த ஜெர்சியை நான்தான் துவைப்பேன். துவைக்க அதில் ஒன்றும் இருக்காது. பெஞ்சுத் தூசி மட்டும் இருக்கும்.

"ஹைட் பத்தலலா," என்பார் இன்சூரன்ஸ் அங்கிள். ஊர் முழுக்க இன்சூரன்ஸ் விற்று ஓய்ந்தவர். தம்பி அவரைவிட ஒரு தலை உயரம்.

"சாப்பாடு பத்தல அங்கிள். நம்ம கடையில தினம் ரெண்டு முட்ட அடிச்சுக் குடிக்கச் சொல்லுங்க," என்பார் கடைக்கார மாமா. எதைக் கேட்டாலும் முட்டைதான் அவருக்கு மருந்து.

"சும்மா இருங்கய்யா. நம்ம கோச்சுக்குத் தெரியாததா?" என்பார் அப்பா.

நம்ம கோச். அதுதான் அவர்களுக்குப் பெரிய பெருமை. டீமில் தம்பியைத் தவிர எல்லோரும் சீனப் பையன்கள். கோச் மட்டும் தமிழர், ஆபீஸில் வேலை பார்ப்பவர். நம்ம ஆள் ஒருவர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதே இவர்களுக்குப் போதும். அவர் எதிரே எவன் உட்கார்ந்து அழுகிப் போனால் இவர்களுக்கு என்ன?

தம்பி எப்படி ஆடுவான் என்று நான் சொல்கிறேன். நான் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவள், எனக்கு விதிமுறை தெரியாது. ஆனால் கண் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கம்பத்தில் ஒரு பழைய சின்ன சைக்கிள் ரிம்மைக் கட்டி, சின்ன வயதிலிருந்து அதில் போட்டுக்கொண்டே இருப்பான். நான் துணி காயப்போட்டு முடிக்கும் வரைக்கும் ஒன்றுகூடத் தவறாது. பயிற்சியில் அந்தப் பையன்களே அவனிடம்தான் பந்தைத் தள்ளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் அவன் கை திடீரென்று ஊனமாகிவிடுமா?

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு ஞாயிறு லீவு போட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போனார். முடிந்ததும் கோச்சிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். கோச், "அவன் நம்ம பெமாய்ன் சிம்பானான் அண்ணே," என்று சொல்லியிருக்கிறார். மாற்று ஆட்டக்காரனுக்கு மலாயில் அதுதான் பெயர். அப்பாவுக்குத் தெரிந்த சிம்பானான் பேங்கில் போடும் சேமிப்பு. மறுநாள் கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"சேத்து வெச்சிருக்காங்கய்யா அவன. இப்பவே எடுத்துச் செலவு பண்ண மாட்டாங்க. பெரிய மேட்ச் வரும் பாருங்க, அப்ப எடுப்பாங்க."

"அதானே! நான் நெனச்சேன்," என்றார் இன்சூரன்ஸ் அங்கிள்.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் மலாய் தெரியும். மலாயில் சண்டை போடுவார்கள், மலாயில் கெட்ட வார்த்தை பேசுவார்கள். இந்த ஒரு சொல் மட்டும் புரியவில்லையாம். நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுக்கா. அப்பா சந்தோஷமா இருக்காருல்ல."

அதன்பிறகு அப்பா அந்தப் பெரிய மேட்சுக்காகக் காத்திருந்தார். நியாலாஸ் பக்கம் ஃபேக்டரி வாசலில் குலை லோரிகள் வரிசையில் நின்றபோது, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரர்கள், தூங்குகிறார் என்று ஹார்ன் அடித்தார்களாம். அந்த ஹார்ன் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. ஆனாலும் இன்னும் அது என் காதில்தான் இருக்கிறது.

சாவு வீட்டுக்குக் கோச் வந்தார். கூடாரத்துக்குக் கீழே இன்சூரன்ஸ் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, "டீம்லயே பெஸ்ட் ப்ளேயர் நம்ம பையன்தாண்ணே," என்றார். நான் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே கிடக்கிறார், இதை இப்போது சொல்கிறார்.

"அப்புறம் ஏன் சார் எறக்கல?" என்றேன்.

"தங்கச்சி, அதெல்லாம் ஒனக்குப் புரியாது."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவன எறக்குனா, சொந்த ஆளுன்னு எறக்குறான்னு மத்த பேரன்ட்ஸ் சொல்லுவாங்கம்மா. நம்ம பேர் கெட்டுடக் கூடாதுல்ல?"

இன்சூரன்ஸ் அங்கிள் தலையாட்டினார். "அதுவும் சரிதான். நம்ம பேரு முக்கியம்."

அந்தத் தலையை அப்படியே பிடித்து வாஷிங் மிஷினுக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டீம் கேப்டனின் அம்மா வந்தார். பூக்கடை வைத்திருக்கும் சீன அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் ஆறுதல் சொன்னார். போகும்போது மெதுவாகக் கேட்டார். "உன் தம்பிக்கு அடி கிடி பட்டிருக்கா? ஏன் ஆடவே மாட்டேங்கிறான்? என் மகன் வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பான், அவன் இருந்தா ஜெயிச்சிருப்போம்னு. நாங்கல்லாம் கோச்சக் கேட்டோம். இன்னும் ரெடியாகலன்னு சொல்லிட்டார்."

எவர் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாரோ, அவர்களே வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பொய், எங்கள் அப்பாவிடம் ஒரு சொல். இதற்குப் பெயர் கோச்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தது. கடைக்கார மாமா தன் வேனில் என்னையும் தம்பியையும் இன்சூரன்ஸ் அங்கிளையும் ஏற்றிக்கொண்டு போனார். தம்பி மொட்டைத் தலையோடு இருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் கோச் எல்லோரையும் நிற்க வைத்து, அப்பாவுக்காக மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். பிறகு தம்பியின் தோளில் கை போட்டு, "இன்னிக்கு ஒங்கப்பாவுக்காக நீதான் ஸ்டார்ட் பண்ற," என்றார். ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது, இவன் கோர்ட்டுக்குள் கால் வைக்க.

நான் கேலரியிலிருந்து ஓடினேன். "போகாதடா. கெசியான்னு பாவம் பாத்து எறக்குறான். பிச்ச போடுற மாதிரி போடுறான். வேணாம்னு சொல்லு."

தம்பி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "அக்கா, நான் வெளையாடணும். அவர் எதுக்கு எறக்குறாருன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தா இன்னிக்கும் உக்காந்துக்கிட்டுதான் இருக்கணும்."

ஆடினான். அதை எப்படிச் சொல்வது? எதிர் டீம் பையன்கள் பந்து எங்கே என்று தேடும்போது அது வலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. கேப்டன் பையன் சிரித்துச் சிரித்து அவனுக்கே பாஸ் கொடுத்தான். "அப்பா மேலேருந்து பாக்குறாரும்மா," என்று இன்சூரன்ஸ் அங்கிள் கண்ணைத் துடைத்தார். மேலே கூரைத் தகரமும் ஃபேனும்தான் இருந்தன.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு கோச் அவனை வெளியே கூப்பிட்டார். முதுகில் தட்டி, "போதும், நல்லாப் பண்ணிட்ட," என்று உட்கார வைத்தார். அஞ்சலி முடிந்துவிட்டது. அவர் பங்குக்குச் செய்துவிட்டார். டீம் மெல்ல மெல்லப் பின்தங்கியது. தம்பி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான்.

"டயர்டா இருப்பான், அதான்," என்றார் கடைக்கார மாமா. "காலையில முட்ட சாப்டானா?"

கடைசிக் கால் பகுதியில் தம்பி துண்டை எடுத்து பெஞ்சில் வைத்தான். எழுந்தான். கோச்சின் முன்னால் நடந்து, ஸ்கோர் எழுதும் மேசைக்குப் போய் ஏதோ சொல்லிவிட்டு அங்கே நின்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அவன் சொன்னான், மாற்று ஆட்டக்காரன் தானே மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும், கோச் போய்ச் சொன்னால் செல்லாது, விதிமுறையே அப்படித்தான் என்று.

பந்து வெளியே போனதும் மேசையில் பஸ்ஸர் அடித்தது. கோச் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது. கேலரியில் இருந்த அம்மா அப்பாக்களைப் பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. உள்ளே இருந்த கேப்டன் பையன் ஒரு நொடி முழித்தான். பிறகு தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தம்பியின் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பூக்கடை அம்மா எழுந்து நின்று கை தட்டினார். தம்பி உள்ளே போனான்.

கோச் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தன் திட்டப்படி நடப்பது போலத் தலையை ஆட்டினார்.

"பாத்தியாம்மா!" இன்சூரன்ஸ் அங்கிள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கரெக்டான நேரத்துல எறக்குனான் பாரு நம்ம கோச்! நம்ம ஆளு நம்ம ஆளுதான்!"

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவரைத் திட்டத் திரும்பினேன், திட்ட முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே குரலில், அதையேதான் சொல்லியிருப்பார்.