கானாக்காரர் கேட்ட வழி

இன்று மாலை இங்கே வங்காளத்தில், கரியாஹாட் கடைவீதியில், நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில், ஓர் உயரமான ஆள் மகளோடு நின்று தோசை மாவு வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைக்கார முருகன் அண்ணன் தமிழில் கிசுகிசுத்தார்: "ஆப்பிரிக்கா கானா நாட்டுக்காரர். இங்க ஃபுட்பால் கிளப்ல மிட்ஃபீல்டர். இந்த சீசனோட காண்ட்ராக்ட் முடியுது, புதுசா போடலையாம். அதோட விசாவும் போச்சு."

எங்கள் பேச்சு காதில் விழுந்து அவர் திரும்பினார். "நீங்களும் வெளியூரா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தமிழ்நாடு. ஆனா தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம்."

அவர் முகம் மலர்ந்தது. "எப்படித் தங்கினீங்க? நானும் தங்கணும்னா யார்கிட்ட பேசணும்?"



அதற்குள் அந்தச் சின்னப்பெண் அவர் கையை இழுத்து, "பாபா, பாடி சோலோ" என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று, அசல் பெங்காலியில்.

"இங்கேயே பிறந்தவள். எங்க பாஷை ஒரு வார்த்தை வராது. அடுத்த மாசம் கானாவுக்குப் போகணும். இவகிட்ட இன்னும் சொல்லலை" என்றார்.

எங்கள் தாத்தா ரயிலேறி வந்தார், இருந்துவிட்டார். அவரிடம் யாரும் விசா கேட்கவில்லை. இதை அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"ஆல் தி பெஸ்ட்" என்றேன். அவரோ என் நம்பரை வாங்கிக்கொண்டு, நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

என்ன சொல்லட்டும்? யாராவது சொல்லுங்களேன்.