கார் போகாத தீவு

எங்கள் மோக்கு பாம்ஸ் குடியிருப்பில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம்.

ஹாத்தோர்ன் ஊரில் விமானத் தொழிற்சாலைகளைச் சுற்றி அறுபதுகளில் முளைத்த கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று. தனி ஆட்களுக்கு மட்டுமே வீடு. விவாகரத்து வாங்கியவர்கள் வரலாம். கல்யாணம் நிச்சயமானால் கிளம்பிவிட வேண்டும். குழந்தைகளுக்கு இடமே இல்லை. விருந்தாளியாகக்கூட ஒரு குழந்தை வாசல் கேட்டைத் தாண்ட முடியாது. மேனேஜர் கோஸ்னெல் அம்மாள் நாய்களுக்கு மட்டும் சில சமயம் விட்டுக்கொடுப்பார்.

கேட்டுக்குப் பக்கத்தில் பனந்தண்டில் செதுக்கிய, டீக்கி என்கிற தீவுச் சாமியின் சிலை ஒன்று, ஆள் உயரத்தில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்கு ‘ஹவுஸ் ஓனர்’ என்று எங்களோடு குடியிருந்த டுவேன் பெயர் வைத்திருந்தான். “முதல் தேதி வந்தா எப்படி வாயத் தொறக்குறான் பாரு!” என்பான். உள்ளே நடுவில் நீச்சல் குளம். கறுப்புப் பாறைகளின் மேலிருந்து ஓர் அருவி. அதற்கு ஸ்விட்ச் துணி துவைக்கும் அறையில் இருந்தது. குளத்தைச் சுற்றி கேஸில் எரியும் பந்தங்கள். ஓரத்தில் ஓலைக் கூரை போட்ட மதுக்கொட்டகை. அதன் சுவரில் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் சிலை முகம் போட்ட மண் குவளை, அடியில் குடியிருப்பவரின் பெயர்.

கல்யாணமாகிப் போகிறவர்களுக்கு ஒரு வழியனுப்பு உண்டு. ஜோடிக்கு இரண்டு மாலை. குவளையை அவர்களே கொக்கியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாப்பிள்ளையைப் போட்ட துணியோடு குளத்தில் தள்ளுவோம். ஈரம் சொட்டச் சொட்ட அவர் காரில் ஏறுவார். அதன்பின் அவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

வெர்னா ஹேவர்கேம்ப் எனக்கு எதிர் வீடு. அவளுக்கு முப்பத்தொரு வயது. விமான ரேடியோ செய்யும் இடத்தில் ஒயர் பற்றவைக்கிற வேலை. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, பூப்போட்ட தொளதொள கவுனுக்கு மாறி, குளத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவாள். சனிக்கிழமை விருந்தென்றால் அன்னாசியைக் குடைவது, கோழி ஈரலைப் பன்றிக்கறியில் சுற்றிக் குச்சி குத்துவது எல்லாம் அவள்தான். நான் வாழைச் செடிக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இருப்பேன். என்னை அங்கிருந்து கிளப்ப முயலாத ஒரே ஆள் அவள். தட்டில் இரண்டு துண்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

“என்ன ஆர்டிஸ், இன்னிக்கு யார் யாரைப் பாத்துக்கிட்டிருக்கா?”

“யாருமில்ல.”

“பொய் சொல்லாத. உன் கண்ணு சும்மா இருக்காது.”

நான் ஒரு மோட்டலில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள். பேசாதவள் ஓர் அறையில் இருந்தால், அங்கே ஆள் இருப்பதையே மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். அப்படித்தான் வெர்னாவின் விஷயம் எனக்குத் தெரியவந்தது.

துணி துவைக்கும் அறையில் காசு போட்டுப் பேசுகிற ஒரு போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் குளத்தில் கிடக்கும் நேரத்தில் வெர்னா அங்கே வருவாள். நான் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருப்பேன். முதல் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை.

“சாப்டியா கண்ணு? கேரட்டையும் சாப்டியா? பெரியம்மா சொன்னத கேக்கணும். ஆமா, அந்த வாய் பெரிய சாமி இன்னும் வாயை மூடல. நீ வந்து சொன்னாத்தான் மூடுவானாம்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். வெர்னா போன் கயிற்றை விரலில் சுற்றினாள்.

“அதான் சொன்னேனே தங்கம். இது தீவு. சுத்தி தண்ணி. கார் வராது. அம்மா மட்டும் படகுல வருவேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது என்னைக் கண்டாள்.

“என் பொண்ணு கொலீன். ஆறு வயசு முடியப்போகுது,” என்றாள். “பேக்கர்ஸ்ஃபீல்டுல எங்க அக்காகிட்ட இருக்கா. ஆறே மாசம்னு சொல்லித்தான் விட்டுட்டு வந்தேன்.”

“எத்தனை நாளாச்சு?”

“மூணு வருஷம்.”

கணவன் அலாஸ்காவுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே வேறு குடும்பமாகிவிட்டான். குழந்தையோடு தனியாக வந்தவளுக்கு இந்த ஊரில் யாரும் வீடு தரவில்லை. குழந்தை இல்லை என்று சொன்னதும் மோக்கு பாம்ஸ் கிடைத்தது. முதலில் அது ஒரு வழி மட்டுமாக இருந்தது. பிறகு அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போனது. அதையும் அவளே சொன்னாள். “இங்க யாரும் என்னைப் பாத்து ஐயோ பாவம்னு சொல்றதில்ல, ஆர்டிஸ். பந்தம் ஏத்தினதும் எல்லாம் மறந்துபோகுது. அப்புறம், மறந்துட்டேனேன்னு ராத்திரி பூரா தூக்கம் வராது.”

அந்தப் பந்தங்களை ஏற்றுகிறவன் லைல் பர்க்கெட். விமான உதிரி பாகங்களைச் சோதிக்கிற வேலை. கோஸ்னெல் அம்மாள் அவனை நம்பித்தான் கேஸ் சாவியைக் கொடுத்திருந்தார். இருட்டுகிற நேரம் நீளக் கொளுத்தியோடு சுற்றி வருவான். நிதானமானவன். வெர்னா வீட்டு வாசலில் இருந்த பந்தத்தைக் கடைசியாகத்தான் ஏற்றுவான். ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடலாம் என்பதற்காக. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும் விடக் கொஞ்சம் முன்பே தெரியும்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் இருவரும் வாழைச் செடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வீட்ல எனக்குக் கீழ ஏழு பேரு,” என்றான் லைல். “அம்மா படுத்த படுக்கை. பதினோரு வயசுலேர்ந்து நான்தான் எல்லாத்துக்கும் மூக்கத் தொடச்சேன். ஒஹையோவ விட்டு வந்தப்போ ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். இனிமே என் வாழ்க்கையில குழந்தை அழுற சத்தம் கேக்கக் கூடாது.”

“அதான் இங்க வந்தியா?”

“அதுக்குத்தான் வந்தேன். உன்னைப் பாத்தது இனாம்.”

வெர்னா சிரித்தாள். ஆனால் குவளையில் இருந்த குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்து, மறுபடி நான்காக ஒடித்தாள்.

அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. மகளும் வேண்டும், அவனும் வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றது போய்விடும். அதனால் சொல்லாமலே இருந்தாள். கடைத்தெருவில் குழந்தைச் செருப்புகள் இருக்கும் கண்ணாடி முன் நிற்பாள். நான் கூட இருந்தால், “நடையைக் கட்டு, ஆர்டிஸ்” என்று அவளே முதலில் நகர்ந்துவிடுவாள்.

அறுபத்து நான்காம் வருடக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல் மாறியது.

“என்ன கத்துக்கிட்ட? ... யாரு சொல்லிக் குடுத்தா? ... வாய்க்கால்லயா? கொலீன், வாய்க்காலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அருவியின் ஸ்விட்ச் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அணைத்தாள். வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“இல்ல கண்ணு. அவ்வளவு தூரம் நீந்த வேணாம். அம்மா வர்றேன். நீ தண்ணி பக்கம் போகாத. சத்தியம் பண்ணு.”

போனை வைத்துவிட்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“தீவுக்கு வரணும்னு நீச்சல் கத்துக்கிறாளாம், ஆர்டிஸ். எவ்வளவு தூரம்னு கேக்கறா. ஒரு நாளைக்கு வாய்க்கால்ல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எத்தனை தடவை போனா என்கிட்ட வந்துடலாம்னு கேக்கறா.”

வெளியே யாரோ, “அருவிய எவன்டா அணைச்சது?” என்று கத்தினார்கள். நான் எழுந்து போட்டுவிட்டேன்.

மறுநாளே வெர்னா கோஸ்னெல் அம்மாளிடம் காலி செய்வதாகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. எங்கள் இடத்தில் காரணம் யாரும் கேட்பதில்லை. ஒரே காரணம்தானே உண்டு? செய்தி அன்று மாலையே குளத்தைச் சுற்றி வந்துவிட்டது.

“பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு மாசாமாசம் போறாளே, அக்காவப் பாக்கன்னு. நல்ல அக்கா!” என்றான் டுவேன். “மீசை வெச்ச அக்கா!”

எல்லோரும் சிரித்தார்கள். லைல் பந்தம் ஏற்றிக்கொண்டிருந்தான். அன்று வெர்னா வாசல் பந்தத்தை நான்காவதாக ஏற்றிவிட்டு நிற்காமல் போனான். அவள் கதவைத் திறந்து, “லைல்” என்றாள். அவன் திரும்பாமல், “சந்தோஷமா இரு, வெர்னா” என்றான். அவள் அவன் முதுகைப் பார்த்தாள். பின் கதவை மூடிக்கொண்டாள். சொல்வதற்கு அந்த வாரம் முழுக்க நேரம் இருந்தது. அவன் அவள் பக்கம் வரவில்லை, அவளும் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் நாங்கள் குளக்கரையில் கூடினோம். வெர்னா வீட்டுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வழியனுப்பு வேண்டாம் என்று சொன்னாள்தான். எல்லா மணப்பெண்ணும் சொல்வது அது. வழக்கமான காகித மாலை அன்று இல்லை. லைல் விடிகாலையில் எழுந்து நிஜப் பூவில் இரண்டு மாலை கோத்திருந்தான். இரண்டும் அவன் கையில் தொங்கின.

கேட்டுக்கு வெளியே ஒரு பழைய டிரக் வந்து நின்றது. எண்ணெய்க் கிணற்று வேலையாள் போல வாட்டசாட்டமான ஒருவர் இறங்கி உள்ளே வந்தார். மீசையும் இருந்தது.

“மாப்பிள்ளை வந்தாச்சு!” என்று டுவேன் பாய்ந்தான். நாலு பேர் அவர் கையையும் காலையும் பிடித்தார்கள்.

“யோவ், விடுங்கய்யா! நான் சாமான் ஏத்த வந்தவன்!”

“எல்லா மாப்பிள்ளையும் இதையேதான் சொல்றான்!”

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுய்யா!”

“அய்யோ, வெர்னாவுக்குத் தெரியுமா?”

பூட்ஸோடு அவரைத் தள்ளினார்கள். தண்ணீர் எழும்பி எங்கள் மேலெல்லாம் தெறித்தது. கை தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கேட் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது.

“பெரியப்பா!”

ஒரு சிறுமி. டிரக்கிலேயே இருக்கச் சொல்லியிருப்பார்கள். பச்சை கவுன், காலில் ஒரு ஷூ மட்டும். சிலையின் திறந்த வாயை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஓடிவந்து, யாரும் பிடிப்பதற்குள் குளத்தில் குதித்துவிட்டாள். மோவாயை உயர்த்திக்கொண்டு, கையைத் தவளை போல் வீசி, நேராக அவரிடம் நீந்திப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“விடு கண்ணு,” என்றார் அவர். தண்ணீர் அவர் மார்பு வரைதான் இருந்தது. “பெரியப்பாவுக்குத் தரை எட்டுது.”

யாரும் சிரிக்கவில்லை. குளத்தில் குழந்தை. அதை நாங்கள் பார்த்ததே இல்லை.

வெர்னா பெட்டியோடு வாசல்படியில் நின்றிருந்தாள்.

“அம்மா!” என்றாள் கொலீன், மூச்சிரைக்க. “தீவுன்னு சொன்ன, கார்லயே வந்துட்டோம்! ஆனா நான் கொஞ்சம் நீந்தினேன். பாத்தியா?”

வெர்னா பெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் மண்டியிட்டு, சிறுமியை அள்ளி எடுத்தாள். பயண உடை முழுக்க நனைந்தது. “பாத்தேன்,” என்றாள். “பாத்தேன், பாத்தேன்.”

“குளத்துல குழந்தைங்க இறங்கக் கூடாது,” என்றார் கோஸ்னெல் அம்மாள். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். “தலையத் தொவட்டு. சளி பிடிக்கும்.”

லைல் மாலைகளோடு நின்றுகொண்டிருந்தான். கொலீன் துண்டுக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். “மாலை யாருக்கு?”

அவன் ஒன்றை அவளுக்குப் போட்டான். முழங்கால் வரை தொங்கியது. மற்றதை வெர்னாவின் கையில் கொடுத்தான், கழுத்தில் போடவில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாத முகம். ஏதோ ஒரு பதிலை அவன் உண்மையிலேயே தேடினான். வெர்னாவும் காத்திருந்தாள். அவள் கண் அவனை விட்டு அகலவில்லை. அவ்வளவு ஆசையோடு ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அவன் தலை குனிந்துகொண்டான்.

“சரி,” என்றாள் வெர்னா மெதுவாக. “தப்பு உன் மேல இல்ல.”

“அம்மா, நெருப்பு வைக்கிற மாமா யாரு?” என்று கொலீன் அவள் கையை இழுத்தாள். “காட்டறேன்னு சொன்னியே?”

நல்ல வெயில். லைல் போய்க் கொளுத்தியை எடுத்துவந்து, ஒவ்வொரு பந்தமாக ஏற்றினான். வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை. பந்தத்துக்கு மேல் காற்று மட்டும் நெளிந்தது.

“எரியவே இல்லையே,” என்றான் டுவேன்.

“எரியுது,” என்றாள் கொலீன். “பின்னாடி இருக்கற மரம் ஆடுது, பாருங்க.”

வெர்னா கொட்டகைக்குப் போய்க் குவளையை எடுத்துக்கொண்டாள். வாழைச் செடி வரை வந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். டிரக் போனபின், யாரும் அணைக்கச் சொல்லாததால், பந்தங்கள் இருட்டும்வரை எரிந்தன. பிறகுதான் அவை ஏற்றியிருப்பதே கண்ணுக்குத் தெரிந்தது.

வெர்னா பேக்கர்ஸ்ஃபீல்டில் ஓர் உணவுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாய்க்கால் தெருவிலேயே வீடு. அடுத்த மாதம், ஒரு ஞாயிறு சாயங்காலம், துணி துவைக்கும் அறையில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அதன்பின் அவள் பல ஞாயிறுகளில் கூப்பிட்டாள். கொலீன் பள்ளிக்குப் போவது, பல் விழுந்தது எல்லாம் சொல்வாள். டுவேனைப் பற்றிக் கேட்பாள், கோஸ்னெல் அம்மாளின் முழங்காலைப் பற்றிக் கேட்பாள். ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். வைப்பதற்கு முன் கடைசியாகக் கேட்பாள்.

“பந்தம் ஏத்தியாச்சா, ஆர்டிஸ்?”

“ஏத்தியாச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

அந்த நேரத்துக்கு லைலும் இரண்டு சட்டையோடு வந்து உட்காருவான். சுத்தமான சட்டைகள்தான். எனக்குத் துணியைப் பார்த்தாலே தெரியும். இயந்திரத்தில் போட்டுவிட்டு, போன் பக்கம் பார்க்காமல் இருப்பான். நான் ஒருநாளும் ரிசீவரை அவனிடம் நீட்டவில்லை, அவனும் கை நீட்டவில்லை. நான் போனை வைத்ததும் கேட்பான்.

“என்ன கேட்டா?”

“பந்தம் ஏத்தியாச்சான்னு.”

அவன் தலையை ஆட்டுவான். ஈரச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் போகும் வரை நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பேன்.