அக்கா கொடுத்த க்ரீம்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று பொன்னேரியில் தோல் டாக்டரிடம் மகளைக் காட்டிவிட்டு பழவேற்காடு பஸ்ஸில் திரும்பினோம். முகமெல்லாம் பரு. வெட்கப்பட்டுக் கல்லூரிக்கே போவதில்லை அவள்.

பின்சீட்டில் என் அக்கா. பஸ்ஸுக்கே கேட்கிற குரல்.

"இன்னாடி மூஞ்சி இது, நண்டு ஓடு மாதிரி? நண்டு துன்னாத, சூடுன்னு சொன்னனே!"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். மகள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நண்டை விட்டு ரொம்ப நாளாச்சு அத்தை. நீ குடுத்த க்ரீம்தான் தடவுனேன்."

"அத்தப் போட்டுதான் என் பொண்ணு கல்யாணத்துல பளபளன்னு நின்னா!"

அது ஸ்டீராய்டு, முதலில் பளபளப்பாக்கி அப்புறம் பருவைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இந்த வயதில் ஹார்மோனால் தோலில் எண்ணெய் அதிகமாகி அடைத்துக்கொள்கிறது, நண்டு பாவம் என்றேன். சரியான மருந்துக்கும் சில மாதம் பிடிக்குமாம்.

"படிச்ச திமிரு உனக்கு," என்றாள்.

சின்ன வயதில் என் பருக்களைக் கெளுத்தி முள்ளால் குத்தி எடுத்தவளும் இவள்தான். என் கன்னத்துக் குழிகளைப் பற்றி இன்றுவரை அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நம்ம ஊர் ஃபேஸ்புக் குழுவில் இதைப் பெயர் போட்டு எழுதினால் எங்களுக்குச் சமாதானம் பேச வந்துவிடுவீர்கள். அதற்குள் அந்த ட்யூப் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போய்விடும். அதனால் பெயரில்லாமலேயே போடுகிறேன். பஸ்ஸில் சிரித்தவர்கள் மட்டும் தயவுசெய்து என்னைத் தெரியாத மாதிரி இருங்கள்.