சத்தமில்லாத தோட்டாப் பை

துப்பாக்கிக்காரர்கள் துப்பாக்கியைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். தோட்டாவை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலையை மட்டும் தையல்காரியிடம் விட்டுவிடுவார்கள்.

டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், மலைக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. அங்கே வசந்தியின் தையல் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் தமிழ் இலக்கியம் படித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். அதனால் கடைக்கு முதலாளியான வசந்தி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், கடைசிவரை என்னை ‘ரீச்சர்’ என்றே கூப்பிட்டாள். காற்சட்டைக் கால் குறைப்பதும் ஸிப் மாற்றுவதும்தான் எங்கள் பிழைப்பு. யூரோ வந்த வருடத்தில், பக்கத்தில் வேட்டைச் சாமான் கடை வைத்திருந்த திருமதி கெல்லர் தன் வாடிக்கையாளர்களை எங்களிடம் அனுப்பத் தொடங்கினார். பிறருடைய இடுப்பளவை மனப்பாடம் செய்து வயிறு வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திரைச்சீலை ஈயம்

முதலில் வந்தவர் மேசையில் இருபத்தைந்து தோட்டாக்களைக் கொட்டினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவசரமாக ஒன்றை எடுத்து, உள்ளே விரலை விட்டு, மருந்தில்லாத வெறும் கோதுதான் என்று காட்டினார். அவர் சுடுவது களிமண் புறா. பெயர்தான் புறா, பார்த்தால் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற தட்டு. ஒரு பொறி அதை வானத்தில் வீசும், இவர்கள் சுட்டு நொறுக்குவார்கள். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு, இருபத்தைந்து தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் பாரம். இரண்டாவது சுற்றில் இடுப்பு ஒரு பக்கமாக இழுத்து நோகிறது என்றார்.

வெறும் கோதுக்குப் பாரமில்லையே, எங்கே இழுக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? திரைச்சீலையின் கீழ்மடிப்பில் வைத்துத் தைக்கிற ஈய நாடா கடையில் கிடந்தது. அதை வெட்டிக் கோதுகளுக்குள் அடைத்தேன். அவர் கொண்டுவந்த இடுப்புப் பையில் நிரப்பி, என் பாவாடைக்கு மேல் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை குனிந்தேன், நிமிர்ந்தேன், தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பாரம் வயிற்றில் தொங்கக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். கண் வானத்தில் இருக்கும்போது கை தானாக இறங்குகிற இடத்தில் பையின் வாய் திறந்திருக்க வேண்டும். சுட்ட கோதுக்குப் பின்பக்கம் வேறு பை. இவ்வளவும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஏதோ அலுவலகத்தில் ரெர்மின், சந்திப்பு நேரம், என்று போயிருந்த வசந்தி திரும்பி வந்து, வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன ரீச்சர், ஆரோட சண்டைக்கு வெளிக்கிட்டியள்?”

சுருங்கும் தோல்

பேக்கரிக்காரர் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தன் தோட்டா வாரை எடுத்துக்கொண்டு வருவார். தோட்டாக்களைச் செருக வரிசையாக வளையம் வைத்த தோல் வார் அது. முதல் வருடம் ஒரு துளை போட்டேன். அடுத்த வருடம் இன்னொன்று. மூன்றாவது வருடம் துளை போடத் தோல் மிஞ்சவில்லை. தோளிலிருந்து தாங்குகிற மாதிரி இரண்டு பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பாரம் தோளுக்கு ஏறியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று, வயிற்றைத் தடவியபடி கேட்டார்.

“குளிருக்குத் தோல் இவ்வளவு சுருங்குகிறதே, உங்கள் ஊரிலும் இப்படித்தானா?”

பல் வைத்தியர்

களிமண் தட்டுச் சுடுகிற பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பல் வைத்தியர். கடையில் விற்கிற கையில்லாச் சட்டையெல்லாம் ஆண்களுக்கு வெட்டியது. பை தாழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இவர் ஒரு தோளைச் சரிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொங்கவிடுங்கள் என்றேன். விரல் நுனி நின்ற இடத்தில் சோக்கால் கோடு போட்டு, அங்கே பையை வைத்தேன். போட்டுப் பார்த்தார். குனியாமல், பார்க்காமல், கை பைக்குள் போனது. கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவே இல்லை.

“பன்னிரண்டு வருடமாக நான் என் கணவரின் பைக்குள்தான் கை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.”

முயலுக்குக் கேட்கும்

லோரென்ஸ் வந்தது ஓர் ஒக்டோபரில். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பதைத் தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவர், மெலிந்த மனிதர், மனைவி இல்லை. பச்சைக் கம்பளியில் கையில்லாச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “இது பாடுகிறது” என்றார். பையில் கிடக்கும் தோட்டாக்கள் நடக்கும்போது ஒன்றோடொன்று தட்டுகின்றனவாம். முயலுக்குக் கேட்டுவிடுகிறது; முயலை விடுங்கள், தனக்கே பொறுக்கவில்லை என்றார். என் ஈயக் கோதுகளைப் பையில் போட்டு, வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்து காட்டினார். எனக்குக் கேட்டது. வசந்தி, “எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, உங்கள் ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சிட்டுது” என்று தமிழில் சொல்லிவிட்டு ஜெர்மன் மொழியில் சிரித்து வைத்தாள்.

ஃபிளானல் வைத்துப் பார்த்தேன், தட்டியது. பியானோச் சுத்தியலில் ஒட்டுகிற கம்பளித் துணியை அவரே கொண்டுவந்தார். சத்தம் நின்றது, ஆனால் தோட்டாவின் விளிம்பு அதில் மாட்டிக் கை தாமதப்பட்டது. மூன்றாம் நாள் வீட்டில் என் பாக்கு நிறப் பருத்திச் சேலையை எடுத்தேன். இருபது வருடம் தோய்த்துத் தோய்த்துத் தண்ணீர் மாதிரி ஆகியிருந்த துணி. முந்தானையை வெட்டி, இரண்டு மடிப்பாக உள்ளே வைத்துத் தைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அவர் வந்து நடந்தார். சத்தம் இல்லை. உள்ளே கையை விட்டு விரலால் துணியைத் தடவினார். என்ன துணி என்று கேட்டார். பழைய பருத்தி என்று மட்டும் சொன்னேன்.

என் கணவர் இறந்து அப்போது ஒன்பது வருடம். அறுபது வயதில் ஒருத்தி கடைவாசல் மணிக்குத் தலையைத் தூக்கினால் அதற்கு என்ன பெயர் என்று நான் படித்த இலக்கியத்தில் தேடிப் பார்த்தேன். அங்கே தலைவிக்கு வயதே ஏறுவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் மறுபடி வரவேண்டும், வந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் போகும்போது வாசலில் நின்று சொன்னது ஒரு வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

“இந்தத் துணி எதற்கும் அவசரப்படுவதில்லை.”

மஞ்சள்

அடுத்த ஒக்டோபரில் அவர் அதே சட்டையோடு வந்தார். “எல்லாம் அமைதி. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறது” என்றார். காலிப் பைகளோடு நடந்து காட்டினார். வசந்திக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒன்று கேட்டது: ‘டொக்’ என்று, நகத்தால் மேசையைத் தொட்ட மாதிரி. சட்டையை வாங்கித் தடவினேன். அடிமடிப்பில், துணிக்கும் உள்துணிக்கும் நடுவில், என் விரலளவில் ஏதோ உருண்டு கடைசிப் பொத்தானில் தட்டியது. பையின் மூலையில் முன்பு எப்போதோ ஓட்டை விழுந்து, யாரோ நீல நூலால் கோணல்மாணலாகத் தைத்து மூடியிருந்தார்கள். தையல்காரியின் கை அல்ல. ஏனோ அந்த நீலத் தையலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்க மடிப்பைப் பிரித்து எடுத்தேன். மஞ்சள் தோட்டா. சுடாதது.

பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்த் திருமதி கெல்லரைக் கூட்டிவந்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மஞ்சள் தோட்டா ஒல்லியானது, வேறு அளவுத் துப்பாக்கிக்கு. தெரியாமல் இவருடைய துப்பாக்கிக்குள் போட்டால் வழுக்கிப்போய்க் குழாயின் நடுவில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடித்துக் கை போகும். கண்ணில் படட்டும் என்றுதான் அதற்கு மஞ்சள் நிறம். திருமதி கெல்லர் சொல்லி முடிக்கும்வரை லோரென்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய மனைவியின் தோட்டா. மனைவிதான் ஒல்லித் துப்பாக்கி வைத்திருந்தார். தன் பையில் கை விடாமல் எப்போதும் கணவரின் பையில் கை விடுவாராம், தன்னுடையதையும் அதிலேயே போட்டுவைப்பாராம். நீல நூலும் அவருடையதுதான். அவர் இறந்து ஐந்து வருடம்.

திருமதி கெல்லர் மருந்தையும் சன்னத்தையும் எடுத்துவிட்டு வெறும் கோதைத் திருப்பிக் கொடுத்தார். அதை வைக்க, சட்டையின் உள்ளே இடது மார்புப் பக்கம், மூடி வைத்த ஒரு சிறு பை தைத்தேன். சேலையில் மிச்சமிருந்த துண்டையே போட்டேன். இன்னொருத்தியின் நினைவுக்கு என் சேலையால் அறை கட்டிக்கொடுப்பதை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் முடியும்வரை அவர் கதிரையில் இருந்தார்.

“மற்றவை போட்ட சத்தத்தில் இவ்வளவு காலமும் இது எனக்குக் கேட்காமல் போய்விட்டது.”

பச்சை

நடுவில் ஒரு வாரம் சிரிக்கவும் கிடைத்தது. குதிரை வளர்க்கிற ஒருவர் தோல் வாரிலேயே தோட்டாக்களைக் கோடை முழுவதும் செருகி வைத்துவிட்டார். தோலில் உள்ள ஏதோ பித்தளையைத் தின்னும். தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகமெல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்த மாதிரி ஆகி, வளையத்தோடு ஒட்டிக்கொண்டது. தோட்டாக்களைத் திருமதி கெல்லர் பக்குவமாக உருவி எடுத்துக்கொண்டார். நான் வளையங்களைப் பழைய பற்தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பருவம் முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும், ஒரே இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“இதைத்தான் என் மனைவி வீட்டைவிட்டுப் போகும்போது சொன்னாள்.”

நாலு மணி

மூன்றாவது வருடம் லோரென்ஸ் நவம்பரில் வந்தார். சட்டையை மேசையில் வைத்தார். நான் வழக்கம்போல் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிழிசல் இல்லை. நூல்கூடப் பிரியவில்லை. பிறர் துணியில் பிழை தேடிப் பழகிய கை பாருங்கள், ஒரு மனிதர் சும்மா வந்திருக்கிறார் என்று அதற்குப் புரியவில்லை. ஒரு பொத்தானைப் பிடித்து இழுத்து, “இது கொஞ்சம் தளர்ந்திருக்கு, சனிக்கிழமை தரலாம்” என்றேன். அவர் சரி என்றார். பிறகு, வேட்டைக்காரர்களின் வருடாந்தப் பூசை அந்தச் சனிக்கிழமைதான், தேவாலயத்தில் பன்னிரண்டு கொம்புகள் ஊதுவார்கள், உங்கள் காதுக்குப் பிடிக்கும் என்றார். நான், “சனிக்கிழமை கடை ரெண்டு மணி வரைக்கும் திறந்திருக்கும்” என்றேன். இது ஒரு பதிலா? வசந்தி மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“நாலு மணிக்குத்தான் தொடங்கும், அம்மணி.”

பஸ் நிறுத்தம்

வசந்தி என்னைத் தள்ளிவிடாத குறை. “போங்கோ ரீச்சர். ஆர் என்ன சொல்லப் போகினம்? பிராங்பேர்ட்டில இருக்கிற எங்கட சனத்துக்கு இஞ்ச நடக்கிறது தெரியவே போகுது?” என்றாள். நல்ல சேலை கட்டி, மேலே குளிர்க்கோட்டுப் போட்டு, நாலு மணிக்குத் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தம் வரை போனேன். வீதியைக் கடந்தால் போதும். பச்சைக் கோட்டுப் போட்டவர்கள் இரண்டு இரண்டு பேராக உள்ளே போனார்கள். இடது மார்புப் பக்கம் நான் தைத்த அந்தச் சிறு பை நினைவுக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். கொம்புகள் தொடங்கின. காடே எழுந்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று பஸ்ஸைப் போகவிட்டு அங்கேயே நின்று கேட்டேன். நாலாவதில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் சட்டையை எடுக்க வந்தார். பொத்தானை இழுத்துப் பார்த்தார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது.

“பஸ் நிறுத்தத்திலும் நன்றாகக் கேட்டிருக்கும்.”

கண்ணாடிக்கும் சாவிக்கும்

பிறகு இரண்டு ஒக்டோபர் வந்தன. வந்தார், ஏதாவது சொன்னார், போனார். கொம்பைப் பற்றி மறுபடி பேசவில்லை. கேட்டால் இந்த முறை வீதியைக் கடந்துவிடுவது என்று நான் தீர்மானம் செய்து வைத்திருந்தேன். அடுத்த முறை வந்தவர் சட்டையை மேசையில் வைத்தார். வேட்டை அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வடகடல் ஓரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன், துப்பாக்கியை விற்றாயிற்று, சட்டையை மட்டும் விற்கவில்லை என்றார். பைகளை ஆழம் குறைத்துத் தரமுடியுமா, இனிக் கண்ணாடியும் சாவியும்தான் வைக்கப் போகிறேன் என்று கேட்டார். நின்றபடியே வாங்கிப்போகலாம் என்று சொல்லி மெஷினில் உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலையை முக்கால் மணி நேரம் செய்தேன். வசந்தி தேநீர் வாங்கப் போனவள் திரும்பவே இல்லை.

சட்டையைக் கொடுக்கும்போது, “அந்தத் துணி என் சேலை” என்றேன். ஐந்து வருடம் வாயில் வைத்திருந்த நாலு சொல். அவர் பைக்குள் கையை விட்டார். உள்ளே விரல் அசைவது வெளியே தெரிந்தது. சாவியைப் போட்டார், கண்ணாடியைப் போட்டார். வாசல்வரை நடந்து பார்த்துத் திரும்பினார். சத்தம் இல்லை.

“தெரியும். முதல் நாளே கைக்குத் தெரிந்துவிட்டது. நீங்களாகச் சொல்லட்டும் என்றுதான் வருடா வருடம் வந்தேன்.”

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: சத்தம் வராமல் தைத்துக் கொடுத்தால் பாரமே குறைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், தைத்தவளைத் தவிர.