மகளின் மரண அறிவித்தல்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். டுசல்டோர்ஃபில் எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். ஈரக் கையோடு, பழக்கத்தில், கும்பிடும் கைகளை அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

என் மகள். மாலை போட்ட படம். பெயர் இருக்க வேண்டிய மேற்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. ஊர் மட்டும் எங்கள் ஊர்.

அவள் லண்டனில் நடிகை. இங்கே வங்கியில் கிடைத்த அவுஸ்பில்டுங்கை, சம்பளத்தோடு தொழில் பழகும் இடத்தை, விட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் நாடகப் பள்ளிக்குப் போனாள். முதலில் தாதி வேடம், வசனமில்லாத அகதி வேடம். பிறகு பெரிய மேடைகள், தொலைக்காட்சித் தொடர்கள். இப்போது கடவுச்சீட்டும் பிரிட்டிஷ்தான். மேடையில் அவள் சாவதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். கடைசியில் எழுந்து வந்து சபைக்குக் குனிந்து வணங்கும்வரை கதிரையின் பிடியை விடமாட்டேன்.

அழைத்தேன். அவளுடைய கைபேசி அணைந்திருந்தது. மறுபடி அழைத்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

ஐந்து மணிக்கு மேல்மாடி அக்கா சோற்றுச் சட்டியோடு வந்தார். வந்ததும் என் அடுப்பை அணைத்தார்.

"அக்கா, இன்னும் ஒண்டும் உறுதியில்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? நீயெல்லோ முதல் ஆளாய்க் கும்பிட்டு அனுப்பினனீ! தாயே கும்பிட்டால் சனம் என்னெண்டு நினைக்கும்?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தலின் மிச்சத்தை வாசித்தார்.

"'பாசமிகு மனைவி' எண்டு கிடக்கு. உங்களுக்கும் சொல்லாமல் கலியாணம் கட்டினவளோ?"

"வாயை மூடுங்கோ அக்கா!"

வேலையிலிருந்து ஓடிவந்த என் கணவர் லண்டன் பொலிசை அழைத்து, பதற்றத்தில் ஜெர்மனில் பேசினார். அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரோ கதிரைகளைச் சுவரோரம் நகர்த்தினார்கள். அந்தச் சத்தம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பொலிஸ்தான் என்று நினைத்தேன். அக்கா போய்த் திறந்து, "ஐயோ!" என்று கத்தினார்.

அந்த அறிவித்தல் ஒரு தொடரின் காட்சிக்காக அச்சடித்தது. தமிழில் எழுதிக் கொடுத்ததும், அசலாக இருக்கட்டும் என்று எங்கள் ஊரைப் போட்டதும் என் மகளேதான். கூட நடித்த ஒரு தமிழ்ப் பெண் அதைப் படம்பிடித்துத் தன் வீட்டுக்கு அனுப்ப, அது குழு குழுவாகப் பரவியிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. இன்றும் அந்தக் குழுவிலிருந்து சத்தம் வந்தால் என் விரல்கள் குளிர்ந்துபோகின்றன.

படப்பிடிப்பு முடிந்ததென்று, மறுநாள் எங்களிடம் வரவேண்டியவள் அன்றே விமானம் ஏறியிருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று, உள்ளே பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அம்மா, வாசல் முழுக்கச் சப்பாத்து. ஆர் செத்துப்போனது?"